தோட்டத் தொழிலாளரும் தோலின் காப்பும்

1876ஆம் ஆண்டிற் கியூ பூங்காவிலிருந்து இலங்கை வந்த இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடையில் வேரூன்றிச் சில பத்தாண்டுகளுள், கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் மலைச்சாரல்கள் பல இறப்பர்த் தோட்டங்களாயின. அங்கு உழைத்த தமிழ்த் தொழிலாளரின் கூலியும் குடியுரிமையும் பற்றி எழுதினோர் பலர். அவர்தம் தோல் பட்ட பாட்டை எழுதினோர் அரியர்.

தோலின் புறப்படை செங்கற் சுவரை ஒத்தது. இறந்த உயிரணுக்கள் கற்கள். இடையேயுள்ள கொழுப்பு சாந்து. அச்சாந்தின் எடையில் ஏறத்தாழப் பாதி செரமைட்டு என்னும் பொருளாகும். எஞ்சியதிற் பெரும்பகுதி கொலஸ்திரோலும் கொழுப்பமிலங்களும். உடலின் நீர் வறண்டு போகாமற் காப்பது இச்சாந்தே. மூளையை ஆராய்ந்த துடிக்கம் என்னும் இரசாயன அறிஞர், செரமைட்டின் அடிப்படைக் கூறொன்றுக்கு, அதன் புதிர்த்தன்மை கருதி, ஸ்பிங்சு என்னும் கிரேக்கப் புராண உருவின் பெயரை 1884இற் சூட்டினார். மூளையிற் கண்ட பொருளே தோலையுங் காக்கின்றதென்பது பின்னரே புலனாயிற்று.

பாலை உறையச் செய்யும் போமிக்கமிலமும், ஓயாத ஈரமும், காரச் சவர்க்காரமும் இச்சாந்தைக் கரைத்துக் கைகளை வெடிக்கச் செய்வன. வெடிப்புக்கு எண்ணெய் பூசுதல் நம்மவர் வழக்கம். அவ்வழக்கம் பொருளற்றதன்று. கொழுப்பே இல்லாத உணவை உண்ட எலிகளின் தோல் செதிள்பட்டு நீரை இழந்ததை 1929இற் பர் தம்பதியர் கண்டனர். அக்குறையை நீக்கும் லினோலெயிக்கமிலம் செரமைட்டு வகையொன்றின் உறுப்பாகும். நல்லெண்ணெயில் அது ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு. தேங்காயெண்ணெயிலோ மிகச் சொற்பம். எனினும் தேங்காயெண்ணெயும் தோலின் ஈரம் ஆவியாவதைக் குறைக்கும்.

கையினுங் கால் பட்ட பாடே பெரிது. கொழுக்கிப்புழுவின் நுண்குடம்பிகள் இச்சுவரையுந் துளைத்து உட்புகுவன. தம் கைமீது தற்செயலாகச் சிந்திய குடம்பிகள் தோலினுட் புகுந்ததைக் கெய்ரோ நகரில் லூஸ் என்பார் கண்டு, 1898இல் வெளியிட்டார். அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் காற்புண்ணுக்கும் இப்புழுவே காரணமென 1902இற் பென்ற்லி காட்டினார். நம்மவர் சேற்றுப்புண் என்று எளிதாய்த் தள்ளிய அரிப்பு, பலருக்குக் குருதிச்சோகையின் வாயிலாயிற்று.

1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் ஒழிப்பியக்கம் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிற்று. மருந்து கொடுத்தல் எளிதாயிருந்தது. மலகூடங் கட்டுதற்குரிய செலவை ஏற்பதில் தோட்டத்துரைமார் பலர் தயங்கினர். புழு நீங்கியோர் வெறுங்காலுடன் அதே மண்ணில் மீண்டும் இறங்கினர்.