நோயாளிகள் இல்லாத ஆஸ்பத்திரி

பிபிசியில் 1980ல் தொடங்கிய 'யெஸ் மினிஸ்டர்' தொடரை அரசியல் அங்கதத்தின் உச்சம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். சிரிக்க வைக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அதிகாரத்தில் இருந்தவர்களே கைதட்டி ரசித்த ஒன்றை அங்கதம் என்று சொல்லலாமா என்பது எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம்.

மந்திரி வருவார், போவார், செயலாளர் இருப்பார். பிரிட்டனில் இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளம் போட்டது 1854ன் நார்த்கோட்-ட்ரெவெல்யன் அறிக்கை. 1964ல் மந்திரியான ரிச்சர்ட் கிராஸ்மன், தம் இலாகாச் செயலாளருடன் நடந்த இழுபறியை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவர் இறந்தபின், 1975ல், அது அச்சேறாமல் தடுக்க அரசாங்கம் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது. தொடரை எழுதிய ஆண்டனி ஜேயும் ஜோனதன் லின்னும் அந்த நாட்குறிப்பிலிருந்து நிறையவே எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் படைத்த செயலாளர் ஹம்ஃப்ரி ஆப்பிள்பி முடியாது என்று நேராகச் சொல்வது அபூர்வம். மந்திரி ஜிம் ஹாக்கரே அதைச் சொல்லும்படி செய்துவிடுவார். நைஜல் ஹாதார்ன் ஒரே மூச்சில் பேசிமுடிக்கும் அந்த நீள வாக்கியங்களில் இலக்கணம் பிசகாது. அர்த்தம் மட்டும் நழுவிக்கொண்டே போகும். (நம் விமர்சகர்கள் சிலர் அவரிடம் பாடம் கேட்டிருக்கலாம்.)

1981ல் வந்த ஒரு பகுதியில் புது ஆஸ்பத்திரி ஒன்று. 500 நிர்வாகச் சிப்பந்திகள்; நோயாளி ஒருவர்கூட இல்லை. வேலை பிரமாதமாக நடக்கிறது. இதிலிருந்து நிர்வாகம் மனிதனை மறந்துவிட்டது என்ற முடிவுக்கு வரலாம். அரசாங்க ஆஸ்பத்திரியே வீண் என்ற முடிவுக்கும் வரலாம். ஆட்சியில் இருந்தவர்களுக்கு இரண்டாவதுதான் செளகரியம். அதிகாரிகள் தம் நலனுக்காகவே அரசைப் பெருக்குகிறார்கள் என்ற பொருளியல் கொள்கையில் ஜேக்கும் பற்று உண்டு.

ஹாக்கர் எந்தக் கட்சி என்று தொடர் சொல்லவே இல்லை. இதை நாசூக்கு என்பார்கள். எனக்கு நழுவலாகவே படுகிறது. யார் வந்தாலும் ஒன்றும் மாறாது என்று திரை சொல்லிக்கொண்டிருந்த வருஷங்களில்தான் வெளியே எல்லாம் மாறியது. 1982ல் வேலையற்றோர் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். 1984ல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். மார்கரெட் தாட்சரை எந்த ஹம்ஃப்ரியும் தடுத்துவிடவில்லை.

அவருக்கு மிகவும் பிடித்த தொடர் இது. 1984 ஜனவரியில் ஒரு விருது விழாவில் ஹாதார்னோடும், ஹாக்கராக நடித்த பால் எடிங்டனோடும் சேர்ந்து தாமே ஒரு குட்டி நாடகத்தில் நடித்தார். பொருளாதார நிபுணர்களை ஒழிக்கவேண்டும் என்று அதில் பிரதமர் உத்தரவிடுகிறார். தொடரில் பெரும்பாலும் ஜெயிக்கும் ஹம்ஃப்ரி, பிரதமரின் பெயரில் எழுதப்பட்ட அந்த நாடகத்தில் தோற்றுப்போகிறார்.