அலைந்த நாளுக்கும் கணக்கு உண்டு



சிறிய தையல் யூனிட் தொடங்க லைசென்ஸுக்கு அலையும் என் பழைய மாணவன் நேற்றுப் பேசினான். "ஃபீஸ் கொஞ்சம்தான் சார், அலைச்சல்தான் தாங்கலை" என்றான்.

அந்த அலைச்சலையும் அளந்து பார்த்தவர்கள் உண்டு. 1983இல் பெரு நாட்டின் தலைநகர் லிமாவில், எர்னாண்டோ டி சோட்டோ என்ற பொருளியல் அறிஞரின் ஆய்வு நிறுவனம் ஒரு சோதனை செய்தது. சிறிய ஆடைப் பட்டறை ஒன்றைச் சட்டப்படி பதிவு செய்ய ஆட்களை அனுப்பியது. எல்லா அனுமதியும் வாங்க 289 நாட்கள் ஆயின. பத்து முறை லஞ்சம் கேட்டார்கள். இரண்டு முறை கொடுக்காமல் காரியம் நகரவில்லை. மொத்தச் செலவு 1,231 டாலர், குறைந்தபட்ச மாதக் கூலியைப் போல் 32 மடங்கு! அதில் பெரும்பகுதி கட்டணம் அல்ல; அத்தனை நாளும் தொழில் நடக்காததால் இழந்த வருமானம். ஏழை என்ன செய்வான்? சட்டத்துக்கு வெளியிலேயே தொழில் செய்தான்.

பின்னாளில் நெதர்லாந்து அரசு இதை நம் பள்ளிக்கூடப் பெருக்கல் கணக்காகவே போட்டது. ஒரு படிவத்துக்கு ஆகும் நேரம், மணிக்கூலி, ஆண்டுக்கு எத்தனை முறை, எத்தனை நிறுவனங்கள்; நான்கையும் பெருக்கினால் சுமை தெரியும். 2007க்குள் அதில் கால் பங்கைக் குறைக்க இலக்கும் வைத்தது.

விதிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தீப்பிடித்தால் வெளியேற வழியில்லாத பட்டறைக்கு அனுமதி தரக்கூடாதுதான். ஆனால், அரசு அலுவலகங்களில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "நாளைக்கு வாங்க" என்று சொல்லும் முன், அந்த ஒரு நாள் யாருடைய கூலியில் கழிகிறது என்று நினைத்துப் பாருங்கள்.