ஊமத்தை விதையும் மிளகாய் விதையும்

பொன்னமராவதியைச் சுற்றிய புதுக்கோட்டை வறட்சி நிலத்தில் கத்தரிக் குடும்பத்துச் செடிகள் பலவும் பயன்பாட்டில் உள்ளவை. சுண்டை வற்றலாகிக் குழம்புக்குப் போகிறது. மணத்தக்காளி கீரையாகிறது. தூதுவளை சளிக்குத் துவையல். கண்டங்கத்திரி கஷாயச் சரக்கு. இந்தக் குடும்பத்திலேயே பிறந்த ஊமத்தை மட்டும் அடுப்படிக்கு வரக்கூடாதது. அதன் இலை, பூ, காய், விதை எல்லாவற்றிலும் அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபோலமின் என்னும் நஞ்சுகள் உண்டு. உட்கொண்டவருக்கு வாய் உலரும், கண்மணி விரியும், பேச்சு பிதற்றலாகும். அளவு மிஞ்சினால் உயிர் போகும்.

செடியாக நிற்கும்போது ஊமத்தையை இனம் காண்பது எளிது. புனல் போல நீண்ட பூ, முள் போர்த்திய உருண்டைக் காய் இரண்டும் போதும். இதே குடும்பத்து மணத்தக்காளியின் கரும்பழமும் நஞ்சு என்ற அச்சம் ஐரோப்பிய நூல்களிலிருந்து வந்தது. அங்கே வளரும் பெல்லடோனாவின் நச்சுப் பழமும் கருப்புதான். ஆனால் அது தனித்தனியாக, விரிந்த பெரிய புல்லியின் மேல் உட்கார்ந்திருக்கும். மணத்தக்காளியின் பழம் சிறியது, கொத்தாகத் தொங்கும். தமிழ்நாட்டுச் சமவெளியில் பெல்லடோனா வளர்வதும் இல்லை. மணத்தக்காளியில் தவிர்க்க வேண்டியது பழுக்காத பச்சைக் காயைச் சமைக்காமல் தின்பதுதான்.

ஊமத்தை இனத்தின் தாயகம் அமெரிக்கா என்பது தாவரவியலாளர் பலரின் கருத்து. ஆனால் கொலம்பஸுக்கு எண்ணூறு ஆண்டுகள் முந்திய தேவாரமே சிவன் சடையில் மத்தம் என்னும் ஊமத்தை மலரைச் சூட்டுகிறது. இந்தியாவில் இச்செடியின் பழமையைப் பேசுவோர் இச்சான்றை விட்டுவிடக் கூடாது.

கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா டா ஓர்ட்டா 1563இல் வெளியிட்ட நூலில், உணவில் ஊமத்தை கலந்து ஆளை மயக்கித் திருடும் வழக்கம் பதிவாகியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் வழிப்போக்கரை இப்படி மயக்கிக் கொள்ளையிடுவோர் இருந்தார்கள். நார்மன் செவர்ஸ் 1856இல் எழுதிய சட்ட மருத்துவ நூல் இதை விரிவாகப் பேசுகிறது. மயக்க மருந்து கொடுத்துக் குற்றம் செய்வோருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 328ஆம் பிரிவில் வகுத்தது.

பூவும் காயும் உணவுக்குள் மறைந்தபின் அடையாளம் சொல்ல மிஞ்சுவது விதை மட்டுமே. அங்கேதான் உண்மையான சிக்கல். போர்த்துகீசியர் கொண்டுவந்து இந்தியச் சமையல் முழுவதும் பரவிய மிளகாயும் கத்தரிக் குடும்பமே. அதன் விதை ஊமத்தை விதையைப் போலவே தட்டையாக இருக்கும். குழம்பில் கிடக்கும் விதை எது என்பதில் ஒரு வழக்கே தொங்கும். நஞ்சைக் கண்டறிய 1849இல் சென்னையில் வேதியியல் பரிசோதகரின் ஆய்வகம் தொடங்கப்பட்டது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் அதுவே. ஊமத்தை விதை பழுப்பு நிறம், சிறுநீரக வடிவம், மேல் முழுக்கக் குழிகள், விளிம்பில் இரட்டை வரம்பு, சுவையில் கசப்பு. மிளகாய் விதை வெளிர்மஞ்சள், வழவழப்பு, ஒற்றை விளிம்பு, உறைப்பு. குறுக்கே வெட்டினால் ஊமத்தையின் கரு நுனியில் வெளிப்புறம் வளையும். மிளகாயின் கரு உட்புறம் சுருளும். விதையே கிடைக்காத வழக்கில், வயிற்றிலிருந்து எடுத்த சாற்றைப் பூனையின் கண்ணில் விட்டுக் கண்மணி விரிகிறதா என்று பார்த்தார்கள்.

நஞ்சே மருந்தானதும் உண்டு. சென்னை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சனிடம் கேட்டறிந்த ஜெனரல் ஜென்ட், ஊமத்தையைப் புகைத்து மூச்சிரைப்பைத் தணிக்கும் முறையை 1802இல் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். சித்த மருத்துவத்தில் ஊமத்தை இலைச்சாறும் மயில்துத்தமும் சேர்ந்த மத்தன் தைலம் இன்றும் ஆறாத புண்களுக்கு மேற்பூச்சு. உள்ளுக்குத் தரும் மருந்தில் ஊமத்தை இருந்தால், மருத்துவர் கண்காணிப்பில்தான் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கையை உறையில் அச்சிட வேண்டும் என்பது மருந்துச் சட்ட விதி.