அம்புக்குறி போட்ட சின்னப் படங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் ஓர் உதவி கேட்டிருக்கிறேன்.

பழைய கணினியைப் போட்டுவிடலாம் என்றான் மகன். 2006-இல் வாங்கியது. போடுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். பெரிய இரைச்சலோடு எழுந்தது. திரையின் இடது ஓரத்தில் பதினொரு சின்னப் படங்கள். எல்லாம் உங்கள் சார் (என் கணவர்) போட்டு வைத்தவை. எனக்கு வலைத்தள முகவரியை அடிக்க வராது, எங்காவது ஒரு புள்ளியை விட்டுவிடுவேன். அதனால் நான் பார்க்கும் ஒவ்வொரு தளத்துக்கும் டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் போட்டு, தமிழில் பெயரும் வைத்தார்: 'பேப்பர்', 'ரிசல்ட்', 'பழைய நூல்கள்', 'நம்ம ஸ்கூல்'. மே மாதத்தில் 'ரிசல்ட்'டைத் தட்டச் சொல்லி எங்கள் திண்ணையில் பதிவெண்ணோடு காத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்தப் படங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1981-இல் ஜெராக்ஸ் நிறுவனம் 'ஸ்டார்' என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலுவலக மேசையைப் போலவே திரையில் தாள், கோப்பு, தபால் கூடை எல்லாம் படமாக இருந்தன. ஆனால் அங்கே படத்தை அழித்தால் பொருளும் போயிற்று. 1991-இல் ஆப்பிளின் 'சிஸ்டம் 7' இதை மாற்றியது. பொருள் ஓரிடத்தில் இருக்கும், அதைச் சுட்டும் படத்தை வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு 'ஏலியஸ்' என்று பெயர். விண்டோஸில் இந்த வசதி 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95-உடன் வந்தது. இது அசல் அல்ல, வழிகாட்டிதான் என்று காட்டவே படத்தின் மூலையில் குட்டி அம்புக்குறி.

இணையத்தில் பிடித்த பக்கங்களைக் குறித்து வைப்பது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1993-இல் வந்த மொசைக் உலாவியில் அது 'ஹாட்லிஸ்ட்', நெட்ஸ்கேப்பில் 'புக்மார்க்', இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் 'ஃபேவரிட்ஸ்'. 1999-இல் எக்ஸ்ப்ளோரர் 5 வந்தபோது ஒவ்வொரு தளமும் தன் சின்னத்தை அந்தப் பட்டியலில் காட்ட முடிந்தது. இன்றும் அதை 'ஃபேவிகான்' என்றே சொல்கிறார்கள், ஃபேவரிட்டின் ஐகான். முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னத்தை மவுஸால் இழுத்து டெஸ்க்டாப்பில் விட்டால் ஷார்ட்கட் தயார். சார் அப்படித்தான் செய்வார்.

ஒருநாள் 'பேப்பர்' படம் கைதவறி அழிந்துவிட்டது. செய்தித்தாளையே அழித்துவிட்டேனோ என்று நான் பதறியதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு! பிறகு ஒரு ஷார்ட்கட்டை நோட்பேடில் திறந்து காட்டினார். அடைப்புக்குறிக்குள் 'இன்டர்நெட் ஷார்ட்கட்' என்று ஒரு தலைப்பு, அதன் கீழே தளத்தின் முகவரி. முக்கியமானது அவ்வளவுதான். உறைமேல் எழுதிய விலாசம் மாதிரி, உள்ளே கடிதம் கிடையாது.

போன வாரம் பதினொன்றையும் தட்டிப் பார்த்தேன். 'பழைய நூல்கள்' திறந்தது. அது 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், இன்றும் நூல்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆறு படங்கள் எங்கும் போகவில்லை. இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஜியோசிட்டீஸ் என்ற இலவச இடத்தில் உலகமெங்கும் மக்கள் தங்கள் சொந்தப் பக்கங்களை வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் அது மூடப்பட்டது. 1996 முதல் இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்றோர் முடிந்ததைக் காப்பாற்றினார்கள்.

திறக்காத ஆறில் ஒன்று 'நம்ம ஸ்கூல்'. 2008 ஆண்டு விழாப் படங்களை ஓர் இலவசத் தளத்தில் ஏற்றி, கேமரா கார்டை அழித்துவிட்டார் சார். அந்தத் தளமும் இப்போது இல்லை. ஷார்ட்கட்டில் இருந்த முகவரியை எடுத்து ஆர்க்கைவில் போட்டுப் பார்த்தான் மகன். பக்கம் வந்தது. படங்கள் இருக்கவேண்டிய இடங்களில் வெறும் கட்டங்கள். கீழே அவர் எழுதிய குறிப்புகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. "மூன்றாம் வரிசையில் தூங்குவது யார்?" என்று ஒன்று. "டீச்சர் சிரிக்கிறார், அரிய காட்சி" என்று இன்னொன்று.

அந்தப் படங்களை அப்போதே இறக்கி வைத்தவர்கள் யாராவது இருந்தால், எத்தனை மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்புங்கள். மூன்றாம் வரிசையில் தூங்கியவரும் தாராளமாக முன்வரலாம்.