பரு, வடு, மறு

பத்தாம் வகுப்புப் படிக்கும்போது என் முகமெங்கும் பரு. ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா என்னைத் திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய் உப்பும் மிளகும் போடவைத்தாள். உப்பு கரைவதுபோலப் பருவும் கரைந்துவிடும் என்பது நம்பிக்கை. வீட்டில் அப்பத்தா சங்கை உரைத்துத் தடவினாள். பெரியம்மா ஜாதிக்காயைப் பாலில் உரைத்துப் பூசினாள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு எலுமிச்சம்பழச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் சைக்கிள் மிதித்த நாளில் கன்னம் எரிந்து, கறுத்தே போனது. பரு ஒருவழியாக அடங்கியது. வடு அடங்கவில்லை.

எனக்குச் சங்கு உரைத்த அப்பத்தாவின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. அதற்கு யாரும் எதையும் தடவியதில்லை. கேட்டால், "ஆத்தா விளையாண்ட எடம்" என்பாள். ஒரே வீட்டில், ஒரே கண்ணாடியின் முன்னால், அவள் வடுவுக்கு ஒரு தெய்வம் பொறுப்பாக இருந்தது. என் வடுவுக்கு நானே பொறுப்பாக இருந்தேன். நான் சாக்லேட் தின்றேனாம், கிள்ளினேனாம், முகத்தைச் சரியாகக் கழுவவில்லையாம். இந்த மாற்றம் எப்போது நடந்தது?

பெரியம்மையின் கொப்புளங்களை நம் ஊரில் நோயின் பெயரால் சொல்லமாட்டார்கள். 'முத்து' என்பார்கள். 'அம்மை வார்த்திருக்கிறது' என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள், அடுப்பில் தாளிக்கமாட்டார்கள், முத்து இறங்கியபின் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். இதை நான் பொற்காலமாக்கவில்லை. அந்த நோய் கண்டவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவரைக் கொன்றது, பலரின் கண்ணைப் பறித்தது. வடு விழுந்த பெண்ணைக் கல்யாணச் சந்தை அன்றும் தள்ளித்தான் வைத்தது. அப்பத்தாவை இரண்டாம் தாரமாகத்தான் கட்டிக்கொடுத்தார்கள். ஆனாலும் தழும்பு அவளுடைய ஒழுங்கீனம் என்று யாரும் சொன்னதில்லை. தெருவுக்குப் பத்துப் பேருக்கு அது இருந்தது.

தமிழ் படித்தவள் என்பதால் சொற்களிடமும் கேட்டுப் பார்க்கிறேன். போரில் ஆண் மார்பில் வாங்கிய காயம் 'விழுப்புண்'. அது இல்லாமல் கழிந்த நாளை வீரன் வீண்நாளாக எண்ணுவான் என்கிறது குறள். பெண்ணின் முகத்தில் இருப்பதோ 'மறு'. அதற்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. இரண்டுமே ஆறிய தோல்தான். ஆனால் சங்கக் கவிதைகள் இன்னொன்றையும் வைத்திருக்கின்றன. பெண்ணின் மேனியில் படரும் 'சுணங்கு' என்ற புள்ளிகளை வேங்கைப் பூவுக்கு ஒப்பிட்டுக் கொண்டாடுகின்றன. உரையாசிரியர்கள் அதற்குத் தேமல் என்று பொருள் எழுதினார்கள். இன்று தேமலுக்குக் களிம்பு விற்கிறார்கள். புள்ளிகள் அவைதாம், பார்க்கிற கண்தான் வேறு.

1975ஆம் ஆண்டில் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி குணமடைந்தார். 1980இல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே 1975இல்தான் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் தடுப்பூசிக்குப் பின் பிறந்த தலைமுறைக்கு வடு பொது அனுபவமாக இல்லை. மாசுமருவற்ற கன்னம் இயல்பு, மற்றதெல்லாம் குறை என்றானபோது, அந்தக் குறையைத் தீர்க்கும் டியூப் கடையில் தயாராக இருந்தது. 2020இல் அந்தப் பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கியது. நம் மனதிலிருந்து நீங்கியதா?

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி துப்பட்டாவால் முகத்தை மூடியபடியே வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். பருத் தழும்புக்காக மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கிய களிம்பு, ஸ்டீராய்டு கலந்தது. முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது. பிறகு தோல் மெலிந்து சிவந்தது, முடி முளைத்தது, புதிதாகப் பரு வெடித்தது. நிறுத்தினால் எரிச்சல் இரட்டித்தது. இந்தச் சீரழிவு பரவலாக இருந்ததால்தான் 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை, மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது.

அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். பரு விட்டுச் செல்வது இரண்டு வகை. ஒன்று கறை: நம்மைப் போன்ற மாநிறத் தோலில், புண் ஆறிய இடத்தில் நிறமி கூடுதலாகச் சேர்வது. கிள்ளாமல், வெயில் படாமல் காத்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தானே மங்கும். இன்னொன்று குழி: தோலின் ஆழத்தில் திசு இழந்த இடம். அதைச் சங்கும் நிரப்பாது, சந்தனமும் நிரப்பாது. சிகிச்சை வேண்டுமென்றால் தோல் மருத்துவரிடம்தான். வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: மென்மையாகக் கழுவுதல், வெயிலுக்கு மறைப்பு, எலுமிச்சையையும் பற்பசையையும் முகத்துக்குக் கொண்டுவராமல் இருத்தல். பருவை அடக்குவது முதல் வேலை, வடுவைப் பார்ப்பது அடுத்தது.

"அப்ப கோயிலுக்கு உப்பு மிளகு போடவா மேடம்?" என்று கேட்டாள்.

"போடு. அப்படியே பெரியாஸ்பத்திரி தோல் டாக்டரையும் பாத்துட்டு வா. அந்த டியூப்பை மறக்காம எடுத்துட்டுப் போய்க் காட்டு" என்றேன்.

அடுத்த வாரம் அவள் துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். முகம் இன்னும் சிவந்துதான் இருந்தது. முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.