வாப்பாமார் கார்ச் சாவியைக் கொடுக்காத கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஜும்ஆவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

உயர்தரம் முடித்த மகனிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. முற்றத்தில் கார் இருக்கிறது. சாவி மட்டும் வாப்பாவின் சேர்ட் பொக்கற்றில் இருக்கிறது. “கொஞ்சம் பொறு மகன், பிறகு பாப்பம்” என்ற ஒரே பதிலில் இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். படிப்பிக்கிற எங்களிடம் இந்த வழக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. “சேர், வாப்பாவுக்கு எங்களை விடக் கார்தான் பெரிசு” என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொருளின் அருமை தெரியாது மாஸ்டர்” என்று வாப்பாமார் சொல்கிறார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மிச்சப் பாதி இந்த நாட்டின் டொலர் கணக்கில் இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதுகிறோம்.

1948இல் நாங்கள் சுதந்திரம் பெற்றோம். அதே வருடம் இங்கிலாந்தில் மொரிஸ் மைனர் கார் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்தது. சாதாரண குடும்பம் வாங்கக்கூடிய கார் என்பதுதான் அதன் நோக்கம். 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. 1950களில் கொரிய யுத்தத்தோடு இறப்பர் விலை ஏறி, தேயிலையும் நன்றாகப் போன நாட்களில், இங்கே கார் வாங்குவது பணம் இருந்தால் முடிகிற காரியம். மொரிஸ், ஒஸ்டின், ஹில்மன், போர்ட், பிரான்சிலிருந்து பேஜோ, ஜேர்மனியிலிருந்து வொக்ஸ்வேகன் எல்லாம் வந்தன. டொக்டர்மார், தோட்டத்துரைமார், கொந்தராத்துக்காரர், கடை முதலாளிமார் வாங்கினார்கள். பழைய படங்களில் ஈ.வை., ஈ.என்., சீ.ஈ. என்று ஆங்கில எழுத்தோடு இலக்கத் தகடு இருந்தால் அது அந்தக் காலத்துக் கார். அதன் பிறகு வந்தவற்றில் நடுவில் சிங்கள ‘ஸ்ரீ’ இருக்கும். அந்த ஓர் எழுத்துக்காக 1958இல் வடக்கு கிழக்கில் தார் பூசுகிற போராட்டமே நடந்தது. அது வேறு கதை. ஆனால் ஒரு காரின் வயதைச் சொல்லும் தகட்டில் நாட்டின் சண்டையும் எழுதப்பட்டிருக்கிறது என்பதை வகுப்பில் நாங்கள் சொல்லாமல் விடுவதில்லை.

1960களின் தொடக்கத்தில் கதை மாறியது. அந்நியச் செலாவணி கரைந்தது. அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் தொடங்கியதும் முதலில் அடிபட்ட பொருட்களில் கார் ஒன்று. அரிசியும் மருந்தும் வாங்கப் பணம் தேடுகிற நாடு காருக்கு எங்கே டொலர் கொடுக்கும்? 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வந்தது, வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகள் போயின. 1970 முதல் 1977 வரை இறுக்கம் உச்சத்துக்குப் போனது. நடுவில் 1973இல் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறியது. பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 1957இல் புதுக் கார் வாங்குகிறார். அடுத்த வருடம் மகன் பிறக்கிறான். அவனுக்குப் பதினெட்டு வயதாகும்போது 1976. கார் அதே கார்தான். அதற்குப் பத்தொன்பது வயது. அந்த இடைவெளியில் வாப்பாவிடம் எவ்வளவு காசு சேர்ந்திருந்தாலும் கடைக்குப் போய் இன்னொரு புதுக் கார் வாங்க வழியில்லை. மகன் கொண்டுபோய் மதகில் மோதினால் பொருள் மட்டுமல்ல, அந்தக் குடும்பத்துக்குக் கார் என்ற ஒன்றே முடிந்துவிடும். பேறுகாலத்துக்கு ஆஸ்பத்திரி போவதும் கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றுவதும் ஜனாஸா அறிவித்தல் கேட்டுத் தூர ஊருக்கு ஓடுவதும் அந்தக் காரில்தான். பக்கத்து வீட்டாருக்கும் அதே கார்தான்.

அந்தக் கார்களும் எல்லாக் கைக்கும் அடங்குபவை அல்ல. மொரிஸ் மைனரில் நான்கு கியர். முதலாவது கியருக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. கார் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே முதலாவது கியருக்கு இறங்க வேண்டுமென்றால் கிளச்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் அக்சிலரேட்டரை ஒரு சொட்டுக் கொடுத்து, சத்தத்தைக் கேட்டுப் போட வேண்டும். தெரியாதவன் போட்டால் பல் அரைபடும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். முன் சில்லுகளின் கீழ் மூட்டுக்கு ஒழுங்காக கிறீஸ் அடிக்காவிட்டால் அது தேய்ந்து, ஒருநாள் சில்லு மடிந்து கார் தரையில் உட்கார்ந்துவிடும். மைனர் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து இது. பெற்றோல் பம்ப் ‘டிக் டிக்’ என்று அடிக்கும். அந்தச் சத்தம் நின்றால் காரும் நிற்கும். இறங்கி பம்பை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் திரும்ப ஓடும். எந்த இடத்தில், எவ்வளவு பலத்தில் தட்டுவது என்பது புத்தகத்தில் இல்லை. 1961க்கு முந்திய கார்களில் சிக்னல் என்பது பக்கவாட்டிலிருந்து வெளியே நீளும் ஒரு சின்னக் கை. அது வெளியே வந்ததா உள்ளே போனதா என்று ஓட்டுபவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உதிரிப்பாகம் வராத காலத்தில் லேத் வேலைத்தலங்கள்தான் இந்தக் கார்களைக் காப்பாற்றின. உடைந்த பாகத்தைக் கொண்டுபோனால் அதே அளவில் கடைந்து கொடுப்பார்கள். இந்தக் கைவேலை வீணாகவில்லை. 1990களில் இலங்கையில் செய்த மொரிஸ் மைனர் பாகங்கள் இங்கிலாந்தில் பாத் நகரத்துக்கு ஏற்றுமதியாகின. காரைப் பெற்ற நாட்டுக்கே நாங்கள் அதன் உறுப்புகளை அனுப்பினோம். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இப்படிப்பட்ட காரின் சாவியை ஒரு வாப்பா எப்படிக் கொடுப்பார்? படிப்படியாகத்தான். முதலில் கழுவ விடுவார். பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீர், பிறகு கிறீஸ், பிறகு கராஜில் ரோர்ச் பிடித்துக்கொண்டு நிற்பது. ஸ்டியரிங் கடைசி. அந்தக் காலத்து மகன்மார் பலர் காரை ஓட்டுவதற்கு முன்பே அதைக் கழற்றிப் பூட்டப் பழகியிருந்தார்கள். இன்றைய வாப்பாமாரின் தயக்கம் அங்கிருந்து வருகிறது. ஆனால் அந்தப் படிகளில் பாதி இப்போது இல்லை. இன்றைய காரில் மகன் கையைப் போட எதுவும் இல்லை. போனற்றைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. பழக்குகிற வழி போய், பொறு என்கிற சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பது எங்கள் அபிப்பிராயம்.

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. ஜப்பான் கார்கள் வந்தன. மத்திய கிழக்குக்குப் போனவர்களின் காசும் வந்தது. முற்றத்தில் சன்னியும் கொரோலாவும் நின்றன. சாவி கொஞ்சம் இலேசானது. இந்தக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிம்மதியான காலத்துக்கு வரலாறு குறைவு.

நிம்மதி நாடு முழுக்கவும் இருக்கவில்லை. 1990இல் வடக்குக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்டினும் மொரிஸும் சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. புது எஞ்சின்கள் அதைத் தாங்காது. ‘பழசு’ என்று ஒதுக்கப்பட்ட கார்தான் பிரசவத்துக்கும் காயப்பட்டவருக்கும் உதவியது. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து எங்கள் மக்கள் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணம் சோனகதெருவில் கொடுக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலம். வீடு, கடை, லொறி, கார் எல்லாம் அங்கேயே நின்றன. மகனுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று வருடக்கணக்கில் யோசித்த சாவியை யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். புத்தளத்து முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பொருளைப் பூட்டி வைத்தால் அது நிலைக்கும் என்று அவர்கள் நினைப்பதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நின்றது. 1960களை நாங்கள் பாடப்புத்தகத்தில் படித்தோம், எங்கள் மாணவர்கள் கண்ணால் கண்டார்கள். பாவித்த கார் வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்குப் போனது. 2021 முடிவில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த 20 லீற்றரில் மகன் ஓட்டிப் பழக எத்தனை லீற்றர் கொடுப்பது? 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது. ஆனால் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால், எங்களைப் போன்ற சம்பளக்காரருக்குத் திறந்ததும் மூடியதும் ஒன்றுதான். ஆகவே இன்று 2014ஆம் ஆண்டு வாங்கிய ஒரு சின்ன அல்டோவும் 1976இன் மொரிஸ் மைனரைப் போலத்தான் பாதுகாக்கப்படுகிறது. வாப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, மகன்மாரே.

மார்க்கத்தில் இதற்கு இடம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்படி ஒரு பொருளை இரவல் கொடுப்பதை பிக்ஹு நூல்கள் ‘ஆரியத்’ என்ற தலைப்பில் பேசுகின்றன. ஹிஜ்ரி 8இல் ஹுனைன் யுத்தத்துக்கு முன் நபி (ஸல்) அவர்கள் ஸப்வான் இப்னு உமையாவிடம் கவசங்களை இரவல் கேட்டார்கள். அவர் அப்போது இஸ்லாத்துக்கு வரவில்லை. பறிமுதலா என்று அவர் கேட்க, இல்லை, பொறுப்பேற்கப்பட்ட இரவல் என்று தெளிவுபடுத்தினார்கள். நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், அனுமதித்த பாவனையால் பொருள் தேய்ந்தால் இரவல் வாங்கியவர் பொறுப்பில்லை, வேறு விதமாகச் சேதமானால் அவர் பொறுப்பு. ஹனபி மத்ஹபில் அது அமானிதம், அவரது பிழை இருந்தால்தான் பொறுப்பு. விரிவை ஆலிம்களிடம் கேளுங்கள். எங்களுக்குப் பிடித்தது என்னவென்றால், ரயர் தேய்வதையும் கதவு நெளிவதையும் பிரித்துப் பார்க்கும் கணக்கு அங்கே ஏற்கனவே இருக்கிறது. எங்கள் வீடுகளில் ரயர் தேய்ந்ததற்கும் மகன்தான் ஏச்சு வாங்குகிறான்.

இன்னொரு சம்பவமும் உண்டு. மதீனாவில் ஓர் இரவு பயம் பரவியபோது நபி (ஸல்) அவர்கள் அபூதல்ஹாவின் குதிரையை இரவல் வாங்கி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மந்தமான குதிரை என்று பெயர் எடுத்திருந்தது. திரும்பி வந்து அதைக் கடலைப் போன்றது என்று புகழ்ந்தார்கள். அதன் பிறகு அதை முந்த எதனாலும் முடியவில்லை என்கிறது அறிவிப்பு.

இதுவரை மகன், மகன் என்றே எழுதிக்கொண்டு வந்தோம். ஊரிலும் அப்படித்தான் நடக்கிறது. பதினெட்டு வயது மகனுக்கு இன்றோ நாளையோ சாவி கிடைத்துவிடும். இருபத்தெட்டு வயதில் பாடசாலையில் படிப்பிக்கிற மகள், தன் சம்பளத்தில் லீசிங் கட்டுகிற மகள், முச்சக்கர வண்டிக்குக் காத்து நிற்கிறாள். இலங்கைச் சட்டம் பெண்ணுக்கு அனுமதிப்பத்திரத்தை மறுத்ததில்லை. வயதும் பரீட்சையும் எல்லோருக்கும் ஒன்று. அனுமதிப்பத்திரம் இல்லாதவருக்கு வாகனம் கொடுத்தால் உரிமையாளரும் குற்றவாளி என்பதும் எல்லோருக்கும் ஒன்று. சிலர் சவூதியைக் காட்டிப் பேசுவார்கள். அங்கே 1990 நவம்பர் 6இல் 47 பெண்கள் ரியாத்தில் கார் ஓட்டித் தண்டனை பெற்றார்கள். 2018 ஜூன் 24 முதல் அங்கும் பெண்கள் சட்டப்படி ஓட்டுகிறார்கள். எங்கள் ஆண்கள் பலர் அங்கே வீட்டுச் சாரதியாக உழைத்தார்கள். அந்த வீட்டு மகள்மார் ஓட்டக்கூடாது என்றிருந்ததால் அந்தத் தொழில் அத்தனை பெரிதாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் இங்கே கார் வாங்கிய வாப்பா, இப்போது தன் மகளுக்குச் சாவி கொடுக்க யோசிக்கிறார். உலகின் முதல் நீண்ட கார்ப் பயணத்தைச் செய்தவரே ஒரு பெண்தான். 1888இல் பேர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலேயே காரை எடுத்து, இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டினார். சொல்லாமல் எடுத்ததை நாங்கள் சிபாரிசு செய்யவில்லை.

ஊரில் சில வீடுகளில் நாங்கள் பார்த்த ஒரு முறையைச் சொல்கிறோம். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, தெரு வெறுமையாக இருக்கும் நேரத்தில், பிள்ளை ஸ்டியரிங்கில், வாப்பா இடப்பக்கத்து ஆசனத்தில். முதல் மாதம் பள்ளிவாசலடி வரை. பிறகு சந்தை. மழைக்குள் ஒருநாள், இரவில் ஒருநாள். ரயர் மாற்றுவது, எண்ணெய் பார்ப்பது எல்லாம் பிள்ளைதான். பத்திரக் காப்புறுதிக் கடதாசி எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மகளுக்கும் இதே முறைதான்.

உங்கள் வீட்டுப் பழைய அல்பத்தில் ஈ.வை. இலக்கத்தோடு அல்லது ‘ஸ்ரீ’ தகட்டோடு கார் நிற்கும் படம் இருந்தால் எங்களுக்கு அனுப்பி வையுங்கள், பாடசாலையின் வரலாற்று மூலையில் வைக்க ஆசைப்படுகிறோம். படத்தின் பின்னால் காரின் பெயரையும், யார் ஓட்டினார்கள், வீட்டில் யாருக்குச் சாவி கிடைக்கவே இல்லை என்பதையும் எழுதி அனுப்புங்கள்.