பழைய உருவம், புதிய எஃகு

1962-ஆம் ஆண்டில் சீனப் படையை எதிர்த்து நின்ற நம் வீரர்களிற் பலர், .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கியையே ஏந்தியிருந்தனர். அதன் தோட்டாவைப் பிரிட்டிஷார் ஏற்றுக்கொண்டது 1888-இல். நேட்டோ நாடுகளோ 1954-லேயே 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைப் பொதுவாக்கிவிட்டன.

பழைய துப்பாக்கியின் குழலை மட்டும் மாற்றிப் புதிய தோட்டாவை இட்டால் என்ன என்று நாம் வினவலாம். அபாயம் அங்கேதான் இருக்கிறது. மருந்து வெடிக்கும்போது பிறக்கும் வாயு, குண்டை முன்னே தள்ளுவது போலவே, தோட்டா அறையை அடைத்து நிற்கும் பூட்டைப் பின்னே தள்ளுகிறது. புதிய தோட்டாவின் அழுத்தம் பழையதினும் மிகுதி. அதைத் தாங்காத எஃகு நாளடைவில் நெகிழும், பிளக்கவும் கூடும். பூட்டுக்குப் பின்னால் இருப்பதோ சுடுபவனின் முகம்.

கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதிக்கரையில் அமைந்த இச்சாப்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலை, போருக்குப் பின் வேறு வழியை மேற்கொண்டது. லீ-என்ஃபீல்டின் உருவத்தை வைத்துக்கொண்டு, உடலை வலிமை மிக்க எஃகினாற் புதிதாகவே செய்தது. புதிய தோட்டாவின் அடியில் விளிம்பு புடைத்திராது. ஆதலால், வெற்றுக் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியையும் மாற்றியது. 12 தோட்டாக்கள் கொள்ளும் பெட்டியையும் அமைத்தது. அத்துப்பாக்கிகள் 2ஏ, 2ஏ1 எனப் பெயர் பெற்றன.

சிக்கனம் நமக்கு வேண்டியதே. இச்சாப்பூர் அதனை உருவத்திற் காட்டியது, எஃகிற் காட்டவில்லை. வீரனின் கண்ணைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது.